அரசுப் பணமா, அரசில்லாப் பணமா: சேதுக் கரையில் சேமிப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

மீன்பிடித் தடைக்காலத்துக்கென்று ஒதுக்கிய தொகையை எதில் வைப்பது? துபாயில் இருக்கும் மகன் அனுப்புவதை வங்கி வழியே வாங்குவதா, டெதராக (டாலர் மதிப்போடு கட்டி வைத்த இணைய நாணயம்) வாங்குவதா? ரூபாய் தேய்ந்துகொண்டே போகிறதே, பிட்காயினில் கொஞ்சம் போட்டு வைக்கலாமா? தொண்டியிலிருந்து ராமேஸ்வரம், கீழக்கரை, சாயல்குடி வரை வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே தடுமாற்றம்: அரசு வெளியிடும் பணத்தை நம்புவதா, எந்த அரசும் கைவைக்க முடியாது என்று சொல்லப்படும் பணத்தை நம்புவதா?

யாரையும் நம்பத் தேவையில்லாத பணம் என்று ஒன்று இல்லை. ரூபாயை வைத்திருப்பவர் ரிசர்வ் வங்கியை நம்புகிறார். பிட்காயின் வைத்திருப்பவர் அதன் கணினி நிரலை, அதை வாங்கிக்கொடுத்த நிறுவனத்தை, தன் கையிலுள்ள போனை நம்புகிறார். டெதர் வைத்திருப்பவர் ஒரு தனியார் நிறுவனத்தை நம்புகிறார். அதனால் எது நம்பகமானது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடைக்காது. இந்தப் பணம் எந்த வேலைக்கு, எந்த மாதம் கைக்கு வர வேண்டும், தப்பு நடந்தால் யார் வாசலில் போய் நிற்பது என்று பிரித்துக் கேட்டால் கிடைக்கும்.

முதலில் அளவுகோல்கள்

ஒன்று, எங்கே செல்லும்: படகு கரைக்கு வந்த அன்றே டீசலுக்கும் ஐஸுக்கும் கொடுக்க முடிய வேண்டும்.

இரண்டு, வேண்டிய நாளில் மதிப்பு இருக்குமா. பத்து வருடக் கணக்கு வேறு, ஏப்ரலில் வைத்ததை மே மாதம் எடுக்கும் கணக்கு வேறு.

மூன்று, தப்பு நடந்தால் கேட்க ஆள் உண்டா.

நான்கு, மறைச் செலவு. வரி, கட்டணம், விலை வித்தியாசம், பூட்டு, பாதுகாப்பு எல்லாம் இதில் அடங்கும்.

ஐந்து, உரிமையாளர் திரும்பி வராவிட்டால் வீட்டாருக்குக் கிடைக்குமா. கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கும், கடல் தாண்டிப் போன சபுராளி வீடுகளுக்கும் இதுதான் முதல் அளவுகோலாக இருக்க வேண்டும். பெரும்பாலான ஒப்பீடுகளில் இது பேசப்படுவதே இல்லை.

ரூபாய்

ரூபாயின் குறையை ஒளிக்க வேண்டாம். அது தேயும். 2016 முதல் ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி கொடுக்கப்பட்ட பணவீக்க இலக்கே 4%. இரண்டு மேலோ கீழோ போகலாம். ஆண்டுக்கு 4% என்றால் பத்து வருடம் பெட்டியில் கிடந்த ஒரு லட்சத்துக்கு இன்றைய கணக்கில் சுமார் 67,500 ரூபாய்ப் பொருள்தான் வாங்க முடியும். 6% என்றால் சுமார் 56,000. டாலருக்கு எதிராகவும் இதே கதை: 2014-ல் 60 ரூபாய் அளவில் இருந்த டாலர் 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. ஆனால் இந்தத் தேய்மானம் மெதுவானது, முன்கூட்டியே தெரிவது. வைப்புநிதி வட்டி அதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

அரசு நினைத்தால் நோட்டைச் செல்லாததாக்கும் என்பதும் உண்மை. 2016 நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86% அவைதான். ரொக்கத்தில் ஓடும் மீன் ஏலமும் மிளகாய் வியாபாரமும் தடுமாறிப்போயின. ஆனால் அந்த நோட்டுகளில் 99.3% வங்கிக்குத் திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கியே பின்னால் கணக்குச் சொன்னது. கணக்கும் அவகாசமும் இருந்தவர் பணத்தை இழக்கவில்லை, வரிசையில் நாட்களை இழந்தார். கணக்கில்லாமல் கட்டாக வைத்திருந்தவர் கமிஷன் கொடுத்து மாற்றினார். வீட்டில் ஒரு மாதச் செலவுக்கு மேல் ரொக்கம் வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவே போதும்.

அரசுப் பணம் நிஜமாகவே நொறுங்கினால் எப்படி இருக்கும் என்பதை இந்தக் கரை பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 அளவில் இருந்த இலங்கை ரூபாய் மே மாதத்தில் 360-ஐத் தொட்டது. ஏப்ரலில் அந்நாடு வெளிக்கடனைக் கட்டமாட்டேன் என்று அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பின் விலைவாசி உயர்வு 70% அளவுக்குப் போனது. அங்கிருந்து தப்பி வந்த முதல் அகதிக் குடும்பங்கள் மார்ச் 22 அன்றே அரிச்சல்முனை பக்கத்து மணல்திட்டில் வந்து இறங்கின. இந்தியாவும் அப்படி ஆகிவிடுமோ என்ற பயம் இயல்பானது. ஆனால் காரணத்தைப் பார்க்க வேண்டும். அங்கே டாலரில் வாங்கிய கடன் மலையாக இருந்தது, 2019-ல் வரியைக் குறைத்ததால் அரசின் வருமானம் சரிந்தது, கையிருப்பு டாலர் தீர்ந்துபோனது. இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 600 பில்லியன் டாலருக்கு மேல். அரசின் கடனில் பெரும்பகுதி ரூபாயில் வாங்கியது.

இன்னொன்றும் உண்டு. இலங்கையில் பணம் சரிந்த அதே நாட்களில் தினமும் 13 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை. அரசு கவிழும்போது காப்பாற்றும் என்று இணையப் பணத்தை வைத்திருப்பவருக்கு அன்றைக்கு மின்சாரமும் இணையமும் வேண்டும்.

கேட்க ஆள் உண்டா என்றால், உண்டு. வங்கியே மூழ்கினாலும் ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீடு உள்ளது. 2020 பிப்ரவரி வரை இது ஒரு லட்சம்தான். அதற்கு மேல் வைத்திருப்பவர் இரண்டு வங்கிகளாகப் பிரித்து வைப்பது நல்லது. வாரிசுக்கும் வழி இருக்கிறது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். ஆனால் கடலில் காணாமல் போனவர் விஷயத்தில் நியமனம் மட்டும் போதாது. உடல் கிடைக்காவிட்டால் இறந்ததாகச் சட்டம் கருத ஏழு ஆண்டு ஆகலாம். கணக்கை மனைவியோடு சேர்த்து, 'இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற முறையில் வைத்திருந்தால் அவர் மறுநாளே பணம் எடுக்கலாம். கிளைக்கு ஒரு நடை, ஒரு படிவம், இரண்டு பேருடைய அடையாள ஆவணங்கள், அவ்வளவுதான். இந்தக் கட்டுரையைப் படித்து ஒரே ஒரு வேலை செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள்.

ரிசர்வ் வங்கியின் இ-ரூபாய் (டிஜிட்டல் ரூபாய்) 2022 டிசம்பரிலிருந்து சோதனையில் இருக்கிறது. சட்டப்படி செல்லும், வட்டி கிடையாது. யுபிஐ ஓடும் இடத்தில் அதற்கென்று தனித் தேவை இன்னும் வரவில்லை.

தங்கம்

கேள்வி ரூபாயா பிட்காயினா என்றுதான் வருகிறது. ஆனால் எந்த அரசும் அச்சடிக்க முடியாத பணம் இந்தக் கரைக்குப் புதிதல்ல. அழகன்குளத்தில் தோண்டியெடுத்த ரோமானியக் காசுகளை வாங்கிக்கொண்டு இங்கே சரக்குக் கொடுத்தவர்கள் ரோமில் யார் ஆள்கிறார் என்று பார்த்திருக்க மாட்டார்கள், உலோகத்தைப் பார்த்திருப்பார்கள்.

ரூபாயின் மேல் நம்பிக்கைக் குறைவு உள்ளவருக்கு இன்றைக்கும் முதல் மாற்று தங்கம்தான். காரணம் அடகு. ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் பணம் கையில். 2026 ஏப்ரல் முதலான ரிசர்வ் வங்கி விதிப்படி இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85% வரையும், 5 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75% வரையும் தரலாம். பிட்காயினை வைத்துக்கொண்டு ராமநாதபுரத்தில் இப்படி ஒரு கதவைத் தட்ட முடியாது.

மறைச் செலவு செய்கூலியிலும் சேதாரத்திலும் இருக்கிறது. நகையாக வாங்கினால் வேலைப்பாட்டைப் பொறுத்து 8 முதல் 20% வரை அதில் போகும். 3% ஜிஎஸ்டி தனி. விற்கும்போது இரண்டும் திரும்ப வராது, கல் எடையும் கழியும். சேமிப்புக்கு என்றால் நாணயமாக வாங்குவதே கணக்கு. 2023 ஏப்ரல் முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறி கட்டாயம். அதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் தட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். தங்கமும் விழும் என்பதை மறக்க வேண்டாம்: 2011-ல் ஓர் அவுன்ஸ் 1,900 டாலரைத் தொட்டது, 2015 டிசம்பரில் 1,050 அளவுக்கு இறங்கியது.

பிட்காயின்

இதன் பலம் உண்மையானது. மொத்தம் 2.1 கோடி நாணயங்களுக்கு மேல் வராது என்பது 2009 ஜனவரியில் தொடங்கிய நாளிலிருந்தே நிரலில் இருக்கும் விதி. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புது வரவு பாதியாகும்; 2024 ஏப்ரலில் ஒரு கட்டத்துக்கு (பரிவர்த்தனைகளைப் பதியும் ஒரு தொகுதி, 'பிளாக்') 3.125 நாணயம் ஆனது. எந்த நிதியமைச்சரும் கூடுதலாக அச்சடிக்க முடியாது. சாவி (நாணயத்தைத் திறக்கும் ரகசியக் குறி; 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாக எழுதி வைப்பது) உங்கள் கையில் இருந்தால் யாரும் முடக்க முடியாது.

ஆனால் தடைக்காலக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. 2021-ல் பிட்காயின் அதுவரை இல்லாத உச்சமாக 64,000 டாலரைத் தாண்டியது ஏப்ரல் 14 அன்று, தடை தொடங்குவதற்கு முந்தைய நாள். மே 19 அன்று 30,000 அளவுக்கு விழுந்தது. ஏப்ரல் 14 அன்று ஒரு லட்சம் போட்டவருக்கு, பள்ளிக் கட்டணமும் வலைச் செலவும் வரும் நேரத்தில் பாதிதான் மிச்சம். பிறகு விலை ஏறியது. 2024 டிசம்பரில் ஒரு லட்சம் டாலரைக் கடந்தது. அதுவரை காத்திருக்க முடிந்தவருக்கு லாபம். காத்திருக்க முடியாத பணத்துக்கு அந்த ஏற்றத்தால் ஒரு பயனும் இல்லை.

வரியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30% வரி, அதன் மேல் 4% கூடுதல் தீர்வை. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்கவும் முடியாது. ஒரு நாணயத்தில் 40,000 லாபம், இன்னொன்றில் 40,000 நஷ்டம் என்று வைத்துக்கொள்வோம். கையில் நின்றது பூஜ்யம், கட்ட வேண்டிய வரி 12,480 ரூபாய். விற்கும் ஒவ்வொரு முறையும், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால், விற்ற தொகையில் 1% முன்கூட்டியே பிடிக்கப்படும். நிறுவனத்தின் கட்டணமும் அதன் மேல் 18% ஜிஎஸ்டியும் தனி.

அரசை நம்பாமல் இங்கே வருபவர் கடைசியில் ஒரு நிறுவனத்தை நம்பி நாணயத்தை அங்கேயே விட்டுவைப்பதுதான் பெரிய முரண். 2024 ஜூலை 18 அன்று வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தக நிறுவனத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள நாணயங்கள் திருடுபோயின. வாடிக்கையாளர்கள் ஒரு வருடத்துக்கும் மேலாக எடுக்க முடியாமல் நின்றார்கள். வைப்புக் காப்பீடு இதற்குக் கிடையாது. 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் ஒருவருடைய சொத்தாகும் என்று தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட இடம் கிடைத்திருக்கிறது. போட்ட பணம் உடனே திரும்பும் என்று அர்த்தமில்லை.

ஊரில் அறிமுகமானவர் வந்து 'தினம் 1% வரும், நாலு பேரைச் சேர்த்தால் கூடுதல்' என்று விற்கும் நாணயம் இந்த ஒப்பீட்டிலேயே வராது. அது வசூல் மோசடி. அதன் பரிவர்த்தனைப் பதிவை (பிளாக்செயின்) பொதுவில் யாரும் பார்க்க முடியுமா, பல சந்தைகளில் விலை இருக்கிறதா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் வராது.

டெதர், குறிப்பாக வளைகுடாப் பணத்துக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி வீடுகளில் இப்போது அதிகம் கேட்கப்படுவது இதுதான், ஆபத்து அதிகமும் இதில்தான்.

டெதர் ஒரு டாலருக்கு ஒன்று என்று வைத்திருக்கும் நாணயம். அதைப் பரவலாக்கப்பட்ட பணம், அதாவது தனியொருவர் கட்டுப்பாட்டில் இல்லாத பணம், என்று சொல்வது சரியல்ல. ஒரு நிறுவனம் வெளியிடுகிறது. கையிருப்பில் பெரும்பகுதி அமெரிக்க அரசின் கடன் பத்திரம். விசாரணை அமைப்பு கேட்டால் எந்த டெதர் முகவரியையும் (வங்கிக் கணக்கு எண் போன்றது) அந்த நிறுவனம் முடக்கும். ரூபாயை நம்பாமல் டெதருக்குப் போவது அமெரிக்க அரசையும் ஒரு தனியார் நிறுவனத்தையும் சேர்த்து நம்புவதாகும்.

மேலும் அமீரக திர்ஹம் ஒரு டாலருக்கு 3.6725 என்றும், சவூதி ரியால் 3.75 என்றும் ஏற்கெனவே கட்டி வைக்கப்பட்டவை. துபாய்ச் சம்பளக்காரர் கையில் இருப்பதே டாலர் மாதிரிதான்.

ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று கணக்குப் போடுவோம். டாலர் 90 ரூபாய் என்றால் ஒரு திர்ஹம் 24 ரூபாய் 50 காசு. பணமாற்று நிலையம் 24.30 கொடுத்து, 20 திர்ஹம் கட்டணம் வாங்கினால், 2,000 திர்ஹம் அனுப்புவதில் போவது சுமார் 900 ரூபாய். இந்தியாவில் டெதர் பெரும்பாலும் டாலரைவிடச் சில ரூபாய் கூடுதலாக விலைபோகும். 93-க்குப் போனால் அதே 2,000 திர்ஹத்துக்கு 50,600 ரூபாய் அளவில் கிடைக்கும். வங்கி வழியே 48,100 சொச்சம். வித்தியாசம் 2,500 ரூபாய். ஆசை வருவது நியாயமே.

அந்த 2,500 எதற்கான கூலி என்று பாருங்கள். டெதரை ரூபாயாக்க இங்கே முகம் தெரியாத ஒருவருக்கு விற்க வேண்டும். அவர் உங்கள் கணக்கில் போடும் 50,000 வேறு மாநிலத்தில் யாரோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கலாம். ஏமாந்தவர் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்கிறார், போலீஸ் பணம் போன வழியைத் தொடர்கிறது, உங்கள் கணக்கு முடக்கப்படுகிறது. பல நேரம் அந்தத் தொகை மட்டுமல்லாமல் கணக்கு முழுவதும் நின்றுவிடும். நகைக்கடன் தவணை, பிள்ளைகளின் கட்டணம், யுபிஐ எல்லாம் நிற்கும். விடுவிக்க அந்த மாநிலக் காவல் நிலையத்துக்கு எழுத வேண்டும், வக்கீல் வைக்க வேண்டும். கூடுதல் விலை கொடுத்து டெதர் வாங்குபவர்களில் இப்படிப் பணத்தைக் கழுவ வருபவர்களும் கலந்திருக்கிறார்கள்.

இன்னொரு இழப்பு உடனே தெரியாது. வெளிநாட்டு வருமானம் முறையாக வந்ததற்கான வங்கிச் சான்று இருக்காது. நாளை வீட்டுக்கடனுக்கோ வருமான வரித்துறைக்கோ காட்ட ஒன்றும் இல்லை. உண்டியல் (ஹவாலா) வழியே வாங்கினாலும் இதே நிலைதான். அதில் அந்நியச் செலாவணிச் சட்டப்படி தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதமும் உண்டு.

ரூபாய் தேய்வதுதான் கவலை என்றால் வெளிநாட்டில் வேலை செய்பவருக்கு நேர்வழியே இருக்கிறது. எஃப்சிஎன்ஆர் வைப்புநிதியில் (வெளிநாடு வாழ் இந்தியருக்கான அந்நிய நாணய வைப்பு) டாலராகவே 1 முதல் 5 ஆண்டு வரை வைக்கலாம், வட்டியும் டாலரில். அவர்களுக்கான என்ஆர்இ கணக்கில் ரூபாயாக வைத்தால் வட்டி கூடுதல். வெளிநாடு வாழ்பவர் என்ற தகுதி இருக்கும்வரை இரண்டு வட்டிக்கும் இங்கே வருமான வரி இல்லை.

'நிலையான நாணயம்' என்று பெயர் இருந்தால் நிலைத்துவிடாது என்பதற்கு டெர்ராயூஎஸ்டி என்ற நாணயம் சாட்சி. 20% அளவுக்கு வட்டி கிடைக்கிறது என்று உலகமெங்கும் ஆட்கள் போட்டார்கள். 2022 மே இரண்டாம் வாரத்தில், சில நாட்களுக்குள், ஒரு டாலர் சில காசுகளாகிவிட்டது.

ஒரே பார்வையில்

| | ரூபாய் (வங்கியில்) | தங்கம் | பிட்காயின் | டெதர் |
|---|---|---|---|---|
| கரையில் செல்லுமா | எங்கும் | விற்றோ அடகு வைத்தோ | இல்லை | இல்லை |
| 2 மாதத்தில் மதிப்பு | மாறாது | சற்று ஏறி இறங்கும் | பாதியாகவும் ஆகலாம் | டாலரோடு, நிறுவனம் நிற்கும்வரை |
| 10 வருடத்தில் | தேயும் | பெரும்பாலும் காக்கும் | ஏறலாம், விழலாம் | டாலரைப் போலத் தேயும், வட்டி இல்லை |
| கேட்க ஆள் | வங்கி, குறைதீர்ப்பாளர், காப்பீடு | ஹால்மார்க் விதி, கடைக்காரர் | சாவி தொலைந்தால் யாருமில்லை | வெளிநாட்டு நிறுவனம் |
| அரசு முடக்க முடியுமா | முடியும் | கடினம் | சாவி உங்களிடம் இருந்தால் கடினம் | முடியும் |
| குடும்பத்துக்குச் சேருமா | நியமனம், கூட்டுக் கணக்கு | பெட்டியில் இருந்தால் சேரும் | சொற்கள் தெரிந்தால் மட்டும் | அதே |

எந்தப் பணத்துக்கு எது

அடுத்த 12 மாதத்துக்குள் வேண்டிய எதுவும், அதாவது தடைக்காலச் செலவு, இன்ஜின் பழுது, கல்லூரிக் கட்டணம் எல்லாம் ரூபாயில் மட்டும். வளைகுடாப் பணம் வங்கி வழியே; தேய்மானப் பயம் உள்ளவருக்கு எஃப்சிஎன்ஆர். ஐந்து வருடத்துக்கு மேல் தொடத் தேவையில்லாததில் ஒரு பகுதி தங்க நாணயம். இதெல்லாம் அமைந்த பிறகு, முழுதும் போனாலும் நகையை அடகு வைக்க வேண்டி வராத தொகை இருந்தால் அதைப் பிட்காயினில் போடுவதில் தவறில்லை. அரசுப் பணத்தின் மேல் அவநம்பிக்கை கொள்வதற்கு நியாயம் இருக்கிறது. கடன் வாங்கியோ நகையை வைத்தோ அந்த அவநம்பிக்கையைக் காட்டக் கூடாது. டெதரைச் சேமிப்பாக வைப்பதற்கு இங்கே வாழ்பவருக்கு ஒரு காரணமும் எங்களுக்குத் தென்படவில்லை.

பிட்காயின் வாங்குவது என்று முடிவெடுத்தவர்களுக்கு

1. நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்த நிறுவனத்தில் மட்டும் வாங்குங்கள். தனிநபரிடம் வாங்கவோ விற்கவோ வேண்டாம்.
2. இதற்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள். குடும்பச் சேமிப்போ நகைக்கடனோ உள்ள கணக்கை இதில் இணைக்காதீர்கள்.
3. பெரிய தொகை என்றால் உங்கள் சொந்த வாலட்டுக்கு (சாவி உங்களிடமே இருக்கும் செயலி அல்லது கருவி) மாற்றுங்கள். முதலில் சிறு தொகை அனுப்பிப் பாருங்கள். முகவரியின் முதல் ஆறு எழுத்தையும் கடைசி ஆறு எழுத்தையும் ஒப்பிடுங்கள். நகலெடுக்கும்போது முகவரியை மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. தவறான முகவரிக்குப் போனது திரும்பாது.
4. மீதியை மாற்றும் முன் வாலட்டை அழித்து, எழுதி வைத்த சொற்களை வைத்து மீட்டுப் பாருங்கள். மீளவில்லை என்றால் சிறு தொகையோடு போகும்.
5. வருமான வரிக் கணக்கில் இதற்கென்று தனி அட்டவணை உண்டு. வாங்கிய தேதி, விலை, விற்ற தேதி, விலை நான்கையும் அன்றைக்கே குறித்து வையுங்கள்.

அந்த 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள்தான் பணம். போனில் படம் எடுத்தால் அது இணையக் கிடங்குக்குப் போய்விடும், எடுக்காதீர்கள். தாளில் எழுதினால் இந்தக் கரையின் ஈரத்தில் மை ஊறும். இரும்புத் தகட்டில் பொறித்தால் உப்புக் காற்று தின்றுவிடும். சாதாரண 304 எஃகிலும் கடலோரத்தில் புள்ளி புள்ளியாகத் துரு விழும். படகுச் சாமான் விற்கும் கடையில் 316 எஃகுத் தகடு கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு சொல்லிலும் முதல் நான்கு எழுத்தைப் பொறித்தால் போதும், பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் அவை ஒன்றாக இருக்காது. வரிசை எண் கட்டாயம். தகடு எங்கே இருக்கிறது, எந்தச் செயலியில் போட வேண்டும், யாரிடமும் வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்ற மூன்றையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, தகட்டோடு சேர்க்காமல் வேறு இடத்தில், வீட்டில் ஒருவர் அறிய வையுங்கள்.